முடி படியும் பக்கம்

ரயில் போகிற மட்டும் ரயில், பஸ் போகிற மட்டும் பஸ், அதற்கு மேல் ஜீப், ஜீப்பும் நின்றுவிட்ட இடத்திலிருந்து பத்து நிமிடம் ஏற்றம். அப்படித்தான் பேச்சிமுத்து அந்த மலை மடத்துக்கு வந்து சேர்ந்தார். சங்கரன்கோவிலில் தையல்கடை வைத்திருந்தவர். ஏன் இத்தனை தூரம் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இதற்கு மேல் பாதை இல்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருப்பார்.

வந்து நாலு வருடம் ஆகிவிட்டது. இப்போது வயது ஐம்பத்தொன்பது.

வடகிழக்கு மலைகளில், தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மடம். தெற்கேயிருந்து எந்தக் காலத்திலோ போன ஒரு சாமியார் கட்டியது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, நாலு அறை, முற்றத்தில் அந்தச் சாமியாரின் சமாதி. அவ்வளவுதான் மடம்.

இப்போதைய குரு அபயாம்பாள் அம்மா. வயது நாற்பத்தாறு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த சீடரை அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணாச்சி என்பார். குருவே தன்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது பேச்சிமுத்துவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த வருடம் வைகாசிப் பௌர்ணமியன்று பேச்சிமுத்துவுக்குக் காவி கொடுப்பதாக ஏற்பாடு.

காவி வாங்குகிறவருக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சமாதிக்கு முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு தரை. நாற்பத்தொரு நாள் அதை அவரே தினமும் தட்டிச் சமன் செய்து சாணியால் மெழுக வேண்டும். நாற்பத்தோராம் நாள் அந்தத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தால் குரு காவித் துணியைக் கையில் கொடுப்பார். தையல் போடாத துணி. வாங்கியவருக்கு அன்றோடு வீடு இல்லை, ஊர் இல்லை, பழைய பேரும் இல்லை. அப்புறம் ஊர்ப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது.

பேச்சிமுத்துவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

பதினோரு நாள் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், நடுவில் குறுக்கே மண் புடைத்து வெடித்திருந்தது. யாரோ அடியில் கயிற்றை விட்டு இழுத்ததுபோல ஒரு கோடு. கோட்டின் முடிவில் கூடை கவிழ்த்தாற்போல ஒரு சின்ன மேடு.

அகழெலியின் வேலை. நம் ஊர்ப் பெருச்சாளி என்று நினைத்துவிடக் கூடாது. பெருச்சாளி வெளியே வரும், அடுப்படிக்கும் வரும், நம்மை முறைத்தும் பார்க்கும். இது மண்ணுக்கு மேலே வருவதே அபூர்வம். அந்தக் காட்டு மண்ணுக்குள்ளேயே பிறந்து, மண்புழு தின்று, அங்கேயே செத்தும் போகும். மடத்தில் இருபது வருடம் இருந்தவர்கள்கூட அதைக் கண்ணால் கண்டதில்லை. ஒருமுறை கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு என்று ஒருவர் வந்து பதினைந்து நாள் தங்கினார். அவருக்கும் மேடுதான் கிடைத்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, இதைப் பற்றிப் புத்தகத்திலேயே இரண்டு வரிக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சிமுத்து தட்டினார், மெழுகினார். மறுநாள் மறுபடி வெடிப்பு. கல்லை அடுக்கினார். அது கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினார். அந்த வாரம் சாம்பாரில் பெருங்காயம் இல்லாமல் போனதுதான் மிச்சம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாமென்று, பெட்டியில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு மண் புடைப்பைப் பிடித்தபடியே போனார். தரையிலிருந்து கீழே ஓடை வரைக்கும் முந்நூற்று நாற்பது அடி இருந்தது. உள்ளங்கை அளவு பிராணி இவ்வளவு தூரம் மண்ணைத் தோண்டி, தன் தரைக்கு என்று வந்து சேருகிறதே என்று அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, இதுக்கு ஒரு வழி சொல்லணும்."

"எதுக்கு?"

"இந்த அகழெலிக்கு. தெனமும் என் தரையக் கெடுத்துப் போடுது."

"அது தரைக்குக் கீழதான போகுது?"

"கீழ போனாலும் மேல வெடிக்குல்லா."

"மெழுகச் சொல்லித்தான் இருக்கு, அண்ணாச்சி. வெடிக்காம இருக்கணும்னு எங்கயும் சொல்லலையே."

பேச்சிமுத்து அதைக் காதில் வாங்கிக்கொண்டார். மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. காவி வாங்குகிற நாளில் தரை வெடித்துக் கிடந்தால் அது அபசகுனம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

வழியைச் சொன்னவள் பால் கொண்டுவரும் சுன்மாயா. மலைக்காரி. தனக்குத் தெரிந்த இந்தியிலும் மிச்சத்தைக் கையாலும் சொன்னாள். அது நடமாடுகிற வளைக்குள் ஒரு மண்பானையைப் புதைக்க வேண்டும். பானையின் வாய் வளையின் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். மேலே ஒரு பலகையைப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால், அது போகிற போக்கில் உள்ளே விழுந்துவிடும். ஏற முடியாது.

"கொல்ல மாட்டேன்" என்றார் பேச்சிமுத்து, தமிழிலேயே. பிடித்து ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவதாகத் திட்டம்.

சாப்பிடும்போது அம்மாவிடமும் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அடிக்கடி போய்ப் பாத்துக்குங்க. அதுக்கு அரை நாள் பட்டினி தாங்காதாம். அந்த ஆராய்ச்சிக்காரர் சொன்னார்."

"மணிக்கொரு தரம் பாத்துருவேம்மா."

கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே, சமாதித் தரையை நோக்கி ஒரு புடைப்பு ஓடியது. வியாழக்கிழமை மத்தியானம் பானையை அங்கே புதைத்தார். பட்டினி என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மண்புழுவைப் பிடித்துப் போட்டால் அது ஹிம்சை. மடத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யலாமா? யோசித்து, ஒரு பிடி பொரியை உள்ளே போட்டார். அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

அன்றைக்குத்தான் ஜீப்பில் வந்த தபாலில் அவருக்கு ஒரு கார்டு இருந்தது. அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார். வந்த புதிதில் விலாசத்தை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தார். நாலு வருடத்தில் அவருக்கு வந்த முதல் தபால் இதுதான். மனைவி சொர்ணத்தாயின் கையெழுத்து. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

'கண்ணில் புரை விழுந்துவிட்டது. வைகாசிப் பௌர்ணமி கழிந்து வருகிற வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். துணைக்குப் பக்கத்து வீட்டு மாரியம்மாள் வருகிறாள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியவில்லை. அதனால் கடையைப் பத்து நாளாகத் திறக்கவில்லை. உங்களை வரச் சொல்லி எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.'

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் அம்மா.

"சௌக்கியந்தாம்மா."

கார்டை மடித்து இஞ்சு டேப்புக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினார். மனம் கேட்காமலேயே கணக்குப் போட்டது. இங்கிருந்து ஊருக்கு நாலு நாள். சனிக்கிழமை கிளம்பினால் ஆபரேஷனுக்கு முன்னால் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. அதற்கு நின்று காவி வாங்கினால் போகவும் முடியாது, போகவும் கூடாது. கூடாது என்பதை நினைத்தபோதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர் அவர். வீட்டுக்கும் கடைக்கும் வாசற்படி ஒன்றுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஏகாதசி. ஏகாதசிக்கு மடத்தில் மௌனம். சூரியன் உதிக்கும்போது கையில் தண்ணீர் எடுத்துச் சங்கல்பம் செய்துகொண்டு உட்கார்ந்தால், அஸ்தமனம் வரைக்கும் பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை, இடத்தைவிட்டு எழுவதும் இல்லை. மடத்திலிருந்த மற்ற இரண்டு சாமிகள் பௌர்ணமிக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் அம்மாவும் பேச்சிமுத்துவும் மட்டும்தான்.

உட்காருவதற்கு முன் பேச்சிமுத்து பலகையைத் தூக்கிப் பார்த்தார். பொரிதான் கிடந்தது. பலகையை எடுத்து வைத்துவிட்டுப் பானை வாயை அடைத்திருக்கலாம். ஒருநாள்தானே, இத்தனை நேரம் விழாதது இனிமேலா விழப்போகிறது என்று மறுபடி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இருவரும் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து, மனசுக்குள் சொல்லி, தரையில் விட்டார்கள்.

ஒன்பது மணி இருக்கும். சுன்மாயா செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது என்று அழுதாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். "எத்தனை நேரமா இழுக்குது?" என்று வாய்விட்டுக் கேட்டார். அலமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அவளோடு இறங்கிப் போய்விட்டார்.

பேச்சிமுத்து அசையவில்லை. போனது நல்ல காரியந்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், அம்மாவுக்கே உறுதி இவ்வளவுதானா என்று தோன்றியது. அந்த நினைப்பை அவர் விரட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே அந்தச் சத்தம் தொடங்கியது.

கரக், கரக். பானையின் உள்பக்கத்தை நகத்தால் பிறாண்டுகிற சத்தம்.

விழுந்துவிட்டது என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. எழுந்துபோய் எடுத்து ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வர, மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். ஆனால் தண்ணீர் விட்டுச் சொன்ன சொல். காவி வாங்க நாலு நாள் இருக்கிறபோது இது தனக்கு வந்த சோதனை என்று பேச்சிமுத்து முடிவு கட்டிவிட்டார். கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

கரக், கரக். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் கரக், கரக்.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அரை நாள் தாங்காது என்று அம்மா சொன்னது ஒருமுறை வந்தது. பொரி போட்டிருக்கிறோமே என்று அதை அமுக்கினார். சொர்ணத்தாயின் கோணல் எழுத்து வந்தது. அதையும் அமுக்கினார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. இத்தனை உறுதியாக அவர் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு மேல் சத்தம் நின்றது. கூடத்தில் அப்படி ஓர் அமைதி. பேச்சிமுத்துவின் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. மனம் அடங்கிவிட்டது, இதற்காகத்தான் நாலு வருடம் உட்கார்ந்தோம் என்று நினைத்தார்.

அஸ்தமனமானதும் எழுந்துபோய்ப் பலகையைத் தூக்கினார். அகழெலி பானையின் ஓரத்தோடு ஒட்டிக் கிடந்தது. பொரி அப்படியே இருந்தது. அதன் முன்னங்கால் நகங்களில் மட்டும் பானையின் செம்மண் பொடி ஒட்டியிருந்தது.

இன்னும் வெளிச்சம் போகவில்லை. அம்மா மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். பேச்சிமுத்து அதை ஒரு காட்டு இலையில் எடுத்துவந்து, சமாதிப் படியில் அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"எப்ப?"

"நீங்க போயிக் கொஞ்ச நேரத்துல."

"எப்ப நின்னுது?"

"மூணு, மூணரை இருக்கும்."

"நின்னப்ப என்ன நெனச்சீங்க?"

பேச்சிமுத்துவுக்குப் பொய் வராது என்றில்லை. முந்தின நாள்தான் சௌக்கியம் என்று ஒன்று சொல்லியிருந்தார். இப்போது வரவில்லை.

"மனசு அடங்கிருச்சுன்னு நெனச்சேன்."

அம்மா இலையைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சங்கல்பம் பண்ணிட்டு உக்காந்தேம்மா. தண்ணி விட்டுச் சொன்ன சொல்லு. எப்படி எந்திக்க?"

"நானும்தான் தண்ணி விட்டேன்."

"ஆமா."

"என்னோட சங்கல்பம் என்ன ஆச்சு?"

பேச்சிமுத்து தயங்கினார். "உடைஞ்சு போச்சு."

"சுன்மாயா பிள்ளை கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குது. உங்க சங்கல்பம்?"

"உடையலம்மா."

இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள்.

அதன் மூக்கு நீளமாக, நுனி வெளுத்திருந்தது. கண் என்று ஒன்று இருக்கிற இடமே தெரியவில்லை. கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அந்தக் கைகளைப் பார்த்ததும் பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது ஆள், மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு அழுதார். அம்மா அழட்டும் என்று விட்டுவிட்டார்.

"நேத்து வந்த கார்டுல சௌக்கியம்னு இல்லம்மா" என்றார் கடைசியில்.

கார்டில் இருந்ததைச் சொன்னார். பிறகு, இதுவரை அங்கே யாரிடமும் சொல்லாததையும் சொன்னார்.

"கோயில் பல்லக்குக்கு வெல்வெட்டுத் திரை தைக்கக் கொடுத்திருந்தாங்க. செவப்பு வெல்வெட்டு. ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு திரை. வெல்வெட்டுக்கு முடி ஒரு பக்கமாத்தான் படியும். கீழாகத் தடவினா வழுவழுன்னு போவும், மேலாகத் தடவினா எதுத்துக்கிட்டு நிக்கும், நெறமும் மாறித் தெரியும். அதனால துணிக்குப் பின்னால முடி படியுற பக்கத்துக்குச் சாக்பீஸால அம்புக்குறி போட்டுக்கிடுவோம். அந்த அம்பைப் பாத்துத்தான் வெட்டணும். நான் அம்பு போடுவேன், எம் பொஞ்சாதி வெட்டுவா. இருவத்தாறு வருசமா அப்படித்தான்."

"சரி."

"தைச்சு முடிச்சு, கமிட்டிக்காரங்க வந்து நிக்காங்க. வெயில்ல தொங்கவிட்டுப் பாத்தா ஒரு திரை நல்ல செவப்பு, ஒரு திரை வெளுப்பு. ஒண்ணைத் தலகீழா வெட்டியிருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அத்தனை பேரு முன்னால, கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டுட்டேன்."

அந்த இடத்தில் நிறுத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவ கத்தல. நீங்க போட்ட அம்புப்படிதான் வெட்டுனேன்னா. என் அம்பு தப்பா இருந்தா இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன், இது சத்தியம்னேன். திரையத் திருப்பிப் பாத்தாங்க."

"அம்பு?"

"நான் போட்டதுதான். தலகீழா இருந்துச்சு."

மேட்டில் எங்கோ ஒரு பறவை இரண்டு தடவை கத்தி ஓய்ந்தது.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்லா. அப்பவே பையை எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். நாலு வருசமாக் காப்பாத்திட்டேம்மா. காவியும் வாங்கிட்டா, அதோட முடிஞ்சுது. அதுக்குத்தான் அவசரப்பட்டேன்."

அம்மா அவருடைய வலது கையைப் பிடித்து இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நீங்க தையல்காரர். இது என்ன துணின்னு தடவிப் பாத்துச் சொல்லுங்க."

பேச்சிமுத்து பயந்துகொண்டே தொட்டார். மூக்கிலிருந்து வாலுக்கு விரலை ஓட்டினார்.

"வெல்வெட்டுத்தாம்மா. நல்ல ஒசந்த வெல்வெட்டு."

"அம்பு எந்தப் பக்கம் போடுவீங்க?"

"வாலுப் பக்கம்" என்று சொல்ல வாயெடுத்தவர், பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கமும் தடவிப் பார்த்தார். வாலிலிருந்து மூக்குக்கு. விரல் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. முடி எதிர்த்து நிற்கவில்லை. மறுபடி முன்னால் தடவினார், மறுபடி பின்னால். இலையைத் தூக்கி மேற்கு வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் தடவினாலும் அதே கருநீலச் சாம்பல். நிறமும் மாறவில்லை.

அழுகை நின்று, அவர் முகத்தில் பழைய தையல்காரர் வந்துவிட்டார்.

"இதுக்கு அம்பே போட முடியாதும்மா. ரெண்டு பக்கமும் படியுது. முப்பத்தஞ்சு வருசத்துல இப்படி ஒண்ணு என் கைக்கு வந்ததே இல்ல."

"வளைக்குள்ள இதுக்கு உடம்பை வளைச்சுத் திரும்ப இடம் இருக்குமா?"

"எங்கிட்டு? இது போற அகலந்தான் வளையே."

"முன்னால பாறை இடிச்சா?"

பேச்சிமுத்து விரலைப் பார்த்தார். "பின்னாலயே வரும்."

"இதே உங்க பல்லக்கு வெல்வெட்டைப் போத்திக்கிட்டுப் பின்னால வந்தா?"

"முடி மண்ணுல எதுத்துக்கும். நட்ட நடுவுல மாட்டிக்கிட்டுச் சாவும்."

அம்மா தலையாட்டினார்.

வெளிச்சம் சமாதியின் உச்சியிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து இன்னொரு முறை வாலிலிருந்து மூக்குக்குத் தடவினார்.

"ரொம்ப தூரம் வந்துட்டேனேம்மா."

"ஓடையிலிருந்து இங்க வரைக்கும் டேப்பு வெச்சு அளந்தீங்களே. எவ்வளவு இருந்துச்சு?"

"முந்நூத்தி நாப்பது அடி."

"அத்தனை அடியும் அது பின்னாலயே போகும், அண்ணாச்சி."

பேச்சிமுத்து எழுந்தார். இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"இதை எங்க பொதைக்கட்டும்?"

"அது போய்க்கிட்டிருந்த எடத்துல."

அவர் தரையைப் பார்த்தார். முப்பத்தேழு நாள் தட்டி மெழுகிய தரை. அன்றைக்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"தரை உடைஞ்சிருமேம்மா."

"உடையட்டும்."

"நாளைக்கு யாரு மெழுக?"

"நான் மெழுகிக்கிறேன். உங்களுக்குக் காலைல ஆறு மணிக்கு ஜீப்பு."